கூடத்தில் குதிக்கும் இலக்கணம்

"தமிழ் நம்ம தாய்மொழிதானே, அதுக்குமா டியூஷன்?" என்று கேட்காத வீடு உண்டா? கணக்கில் மார்க் குறைந்தால் பதறுகிறோம். ஆங்கிலத்தில் குறைந்தால் சொல்லிக்கொடுக்க ஆளைத் தேடுகிறோம். தமிழில் குறைந்தால் மட்டும், "எல்லாம் சோம்பல்" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் சகோதரிகளே, தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு படியாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டிவிட்டது. தமிழில் 35 வாங்காவிட்டால் மற்றதில் தொண்ணூறு வாங்கியும் பிள்ளை அந்தத் தேர்வில் தேறாமல் நின்றுதான் போகிறான்.

எங்கள் தெருவில் அப்படி நிற்கவிருந்த பையன் ஒருவன் இருக்கிறான். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் நாலாம் வகுப்பு. வல்லினம் மெல்லினம் எல்லாம் மனசில் ஊன்ற வேண்டிய வயசில் வீட்டில் உட்கார்ந்திருந்தான். பத்தாவது வந்து காலாண்டுத் தேர்வில் தமிழில் 22. அவன் அம்மா தையல் தைத்துக் குடும்பம் நடத்துகிறாள். மூத்தவன் பத்தாவதோடு நின்று ஓட்டலில் வேலைக்குப் போய்விட்டான். "அக்கா, இவனும் அதே மாதிரி நின்னுடுவானோன்னு ராத்திரி தூக்கமே வரலை" என்று என் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாலிடெக்னிக் சேர வேண்டும் என்று பையனுக்கு ஆசை. டியூஷனுக்கும் பணம் கட்டியிருந்தாள். அங்கே ஒவ்வொரு விதியையும் பத்துத் தடவை எழுது என்பதுதான் வைத்தியம். அறுபது பக்கம் எழுதியிருந்தான், பாவம். 'ஒற்று மிகும் இடம் ஒன்று சொல்லு' என்றால் சுவரைப் பார்த்தான்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள், அவ்வளவுதான். இலக்கணம் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இந்த வித்தை என்னுடையது அல்ல. என் சின்னவளின் பள்ளித் தமிழம்மா வாரத்தில் ஒரு பீரியட், பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, நடத்தி முடித்த பாடத்தைப் பிள்ளைகளைக் கொண்டே திருப்பிப் போடுகிறார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்று ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுபோனார்களே, நினைவிருக்கிறதா? அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பு நடுவில் புணர்ச்சி விதியாகவே மாறி ஓடியதைப் பார்த்த பிறகு, அதை அப்படியே என் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். எட்டுப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், சனி ஞாயிறு சாயங்காலம்.

வேண்டிய சாமான் ஒன்றும் பெரிதில்லை. பழைய கல்யாண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கம், ஒரு மார்க்கர் பேனா, பத்து ஊக்கு.

முதல் ஆட்டம் புணர்ச்சி. வார்த்தைகள் எல்லாம் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. 'மிளகாய்' என்று ஒருத்தி நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறாள். 'பொடி' என்று இன்னொருத்தி அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். இரண்டும் சேரும்போது நடுவில் யார் வரவேண்டும்? ஓரமாக நிற்கும் க், ச், த், ப் நால்வரில் 'ப்' ஓடிவந்து இடையில் புகுந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மிளகாய்ப்பொடி! இது தோன்றல். அடுத்தது 'கல்', 'கண்டு'. இங்கே புதிதாக யாரும் வரமாட்டார்கள். 'ல்' அட்டை வைத்திருப்பவன் தன் அட்டையைத் திருப்புகிறான், பின்பக்கம் 'ற்'. கற்கண்டு! இது திரிதல். 'வெங்காயம்', 'வடை' வந்தால் 'ம்' அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். வெங்காயவடை, கெடுதல். சரி, வடைக்குப் பதில் சட்னி வந்தால்? 'ம்' உட்காருகிறாள், 'ச்' பாய்ந்து வருகிறாள். வெங்காயச்சட்னி. ஒரே வார்த்தையில் இரண்டு வேலை. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தபோது கூடத்தில் எழுந்த கூச்சலில் மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

இன்னொரு நாள் முழுக்க இலை. 'ய்' ஒரு பக்கம், 'வ்' ஒரு பக்கம் காத்திருப்பார்கள். 'வாழை'யும் 'இலை'யும் வந்தால் 'ய்' நுழைய வேண்டும், வாழையிலை. 'மா'வும் 'இலை'யும் வந்தால் 'வ்', மாவிலை. இ, ஈ, ஐ-யில் முடிந்தால் ய். ஏ-யில் முடிந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். மற்ற உயிர்களுக்கு வ். உடம்படுமெய் என்ற பெயரைக் கேட்டாலே பயந்த குழந்தைகள், புளி, பலா, கொய்யா என்று தெருவில் உள்ள மரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வாண்டு 'வேம்பு' என்று எழுதி நீட்டியது. வேம்பு + இலை வேப்பிலை ஆவதற்கு 'ம்' 'ப்' ஆகத் திரும்ப வேண்டும், கடைசி உகரம் வெளியே போகவேண்டும், அப்புறம்தான் 'இ' வந்து ஒட்டும். அன்றைக்குக் கறிவேப்பிலையைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளைகள்கூட அதை மரியாதையாகப் பார்த்தார்கள் (சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்).

தேங்காயை விட்டுவிடாதீர்கள். தெங்கு என்றால் தென்னை. தெங்கு + காய் என்னும்போது முதல் எழுத்து 'தெ' நீண்டு 'தே' ஆகிறது, 'கு' விழுந்துவிடுகிறது, தேங்காய். இந்த ஒரு சொல்லுக்கென்றே நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார். தினமும் துருவுகிறோமே, அதற்கு இவ்வளவு மரியாதை!

வேற்றுமை உருபுக்கு ஒரு பையன் 'கண்ணன்' ஆனால் போதும். 'அடித்தான்' என்று ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு நிற்கட்டும். கண்ணன் தனியாக வந்து நின்றால் அவன் அடிக்கிறவன். 'ஐ' ஓடிவந்து ஒட்டிக்கொண்டால், கண்ணனை அடித்தான், பாவம் இப்போது அவன் அடி வாங்குகிறவன்! 'ஆல்' வந்தால் கண்ணனால், 'கு' வந்தால் கண்ணனுக்கு. எட்டாம் வேற்றுமைக்கு உருபே கிடையாது, எல்லாரும் சேர்ந்து "கண்ணா!" என்று கூப்பிட்டால் ஆயிற்று. ஒட்டுகிற உருபு ஒரு ஆளின் விதியையே மாற்றுகிறது என்பதை இதைவிடச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. இதோடு 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டையும் நடிக்கச் சொல்லுங்கள். ஒற்று இல்லாவிட்டால் வேலை கேட்கிறான், ஒற்று வந்தால் முருகன் கையிலுள்ள வேலைக் கேட்கிறான்.

நம் பத்தாம் வகுப்புப் பையன் என்ன ஆனான் என்கிறீர்களா? முதல் நாள் வாசல்படியிலேயே நின்றான். அரும்பு மீசை வந்துவிட்டது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு குதிக்க வெட்கம். வற்புறுத்தவில்லை. "நீ நடுவரா இருடா தம்பி" என்றேன். நடுவர் என்றால் விசில் ஊதுவது மட்டும் இல்லை. 'வ்' தப்பு என்று ஒருத்தி முறையிட்டால், ஏன் தப்பு, எந்த விதி என்று அவன்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு அணிக்கும் ஒவ்வொரு பாயிண்ட், அவனுக்குப் பூஜ்யம். இரண்டாம் வாரம் நடுவர் புத்தகத்தோடு வந்தார்! "நேத்து ராத்திரி ரெண்டு பக்கம் பார்த்தேன் அத்தை, அந்தச் சின்னதுங்க குறுக்குக் கேள்வி கேக்குதுங்க" என்றான்.

மூத்த மகள் பி.எட். படிக்கிறாள். அவள் இதற்கு ஒரு காரணம் சொன்னாள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துப் பரிசோதித்தார்களாம். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பரீட்சை ஐந்து நிமிஷத்திலா வருகிறது?

இலக்கியத்துக்கு வருவோம். ஐந்திணையைப் பாண்டி ஆட்டம் ஆக்கலாம். கோலமாவால் மொட்டை மாடியில் ஐந்து கட்டம் போடுங்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. 'நடுராத்திரி' என்று கத்தினால் குறிஞ்சிக்கு ஓடவேண்டும், 'சாயங்காலம்' என்றால் முல்லை, 'விடியற்காலை' என்றால் மருதம், 'பொழுது சாயுது' என்றால் நெய்தல், 'உச்சி வெயில்' என்றால் பாலை. இதில் ஒரு ரகசியம் உண்டு. தொல்காப்பியம் நிலத்துக்குத் தெய்வம் சொல்லும்போது நாலு நிலம்தான் சொல்கிறது. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து தம் இயல்பு கெட்டால் பாலை என்று ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். ஆகவே "மழை பொய்த்தது!" என்று நான் குரல் கொடுத்தால், முல்லையிலும் குறிஞ்சியிலும் நிற்பவர்கள் மட்டும் பாலைக்கு ஓடவேண்டும். மருதத்துப் பிள்ளை ஓடினால் அவுட். ஒரு தடவை ஓடியவன் அப்புறம் மறக்கிறதே இல்லை.

கருப்பொருளுக்கு ஐந்து தட்டு. குறிஞ்சித் தட்டில் தினை, முல்லையில் வரகும் சாமையும், மருதத்தில் அரிசி, நெய்தலில் ஒரு கை உப்பு. பாலைத் தட்டு காலி. அங்குள்ளவர்களுக்கு வழிப்பறிதான் சாப்பாடு என்பதால், பாலை அணி மற்ற தட்டுகளில் கைவைத்து ஓடலாம். அதற்குமுன் அந்த நிலத்தின் தெய்வத்தைச் சொல்லவேண்டும். முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு இந்திரன், நெய்தலுக்கு வருணன். தங்கள் கொற்றவையையே மறந்து நின்ற கொள்ளைக்காரர்களும் உண்டு.

குறளுக்கு ஏழு பிள்ளைகள் வேண்டும். ஒரு குறளில் ஏழு சீர்தானே? ஆளுக்கு ஒரு சீர், கலைத்துக் கொடுத்துவிட்டு இருபது எண்ணுங்கள். முன் வரிசையில் நாலு பேர், பின் வரிசையில் மூன்று பேர் சரியாக நிற்கவேண்டும். ஆள் குறைந்தால் கொடிக்கயிற்றில் துணி கிளிப்பால் மாட்டச் சொல்லலாம்.

ஒன்று சொல்லவேண்டும். ஓடிவந்து மணியை அடித்துவிட்டு விடை சொல்கிற ஆட்டம் பல இடங்களில் நடக்கிறது. கலகலப்பாக இருக்கும், ஆனால் அங்கே காலுக்கும் இலக்கணத்துக்கும் சம்பந்தம் இல்லை. வேகமான பிள்ளை ஜெயிக்கும், மெதுவானது ஓரத்தில் நிற்கும். ஒற்றே ஓடவேண்டும், நிலமே காய வேண்டும், அப்போதுதான் பாடம் உடம்பில் ஏறும். புதுப் பாடத்துக்கும் இது உதவாது. பள்ளியில் நடத்தி முடித்ததைத் திருப்பிப் பார்க்க மட்டும்தான். முதலில் கேட்காத விதியை விளையாட்டில் கொடுத்தால் குழப்பம்தான் மிச்சம்.

ஆட்டம் முப்பது நிமிஷம். பிறகு பத்து நிமிஷம் கட்டாயம் எழுதவேண்டும். வாயில் 'வாழைப்பழம்' சரியாக வந்தாலும் கை 'வாழைபழம்' என்றுதான் எழுதும். பரீட்சை கைக்குத்தானே! மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையும் குரல் கொடுக்கும் வேலையும் கொடுங்கள், ஓடாமலேயே ஆட்டத்தில் இருக்கும். 5 வயது முதல் 17 வரை பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதி தமிழ்ப் பாடத்திலேயே கிடைத்துவிடுகிறது. பரிசு என்று சாக்லேட் வேண்டாம். தோற்றவர் ஜெயித்தவர் எல்லாருக்கும் ஒரே அளவு அவித்த வேர்க்கடலை.

அரையாண்டில் நடுவர் வாங்கியது 41. இலக்கணப் பகுதியில்தான் ஏறியிருக்கிறான், கட்டுரை இன்னும் இழுக்கிறது. பொதுத்தேர்வு வரை வாரத்துக்கு இரண்டு கட்டுரை எழுதிக் காட்டவேண்டும் என்று அவன் அம்மாவும் நானும் ஏற்பாடு செய்திருக்கிறோம். அவன் தைக்கிற மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறான்.

அடுத்த இதழில் நேரசை நிரையசையைக் கைதட்டிப் பிரிக்கும் ஆட்டம். அதற்குள் வீட்டிலுள்ள பழைய அழைப்பிதழ்களைக் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.