மருத்துவர் பக்கத்தில் ஒரு பொறியாளர்



பேஸ்மேக்கர், ஸ்டென்ட், கண்ணில் வைத்த லென்ஸ் என்று இன்று பல குடும்பங்களில் யாராவது ஒருவர் ஒரு கருவியின் துணையோடு நடமாடுகிறார். இந்தக் கருவிகள் பிறந்த கதையை நாடுவாரியாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது: மருத்துவரின் கஷ்டம், செய்யத் தெரிந்தவரின் காதில் விழுந்த இடத்தில்தான் அவை பிறந்திருக்கின்றன.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்துவந்தவர் ஏர்ல் பாக்கன். இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளின் பேஸ்மேக்கர் அப்போது சுவர் பிளக்கை நம்பி ஓடியது. 1957 அக்டோபரில் நகரத்தில் கரண்ட் போனது. அறுவை மருத்துவர் லில்லஹை பாக்கனிடம் வழி கேட்டார். சில வாரங்களிலேயே உடம்போடு மாட்டிக்கொள்ளும் பாட்டரி பேஸ்மேக்கர் வந்துவிட்டது.

ஜப்பானுக்கு இரைப்பைப் புற்றுநோய் பெரிய கவலை. கேமரா செய்வதில் கைதேர்ந்த ஒலிம்பஸ் நிறுவனத்தை டோக்கியோ மருத்துவர் உஜி நாடினார். 1950-ல் இரைப்பைக்குள் இறங்கிப் படமெடுக்கும் குட்டிக் கேமரா உருவானது.

நம் நாட்டில் உந்துதல் விலைதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் செய்த இதய வால்வு மூன்று வடிவங்களில் தோற்று, நான்காவதில் ஜெயித்தது. 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். மதுரையில், கண்புரை நீக்கிய ஏழைகள் லென்ஸ் வாங்க வழியின்றி சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்பிய காலம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992-ல் ஆரோலேப்பைத் தொடங்கி, லென்ஸை இங்கேயே செய்தார்கள். எட்டாத விலையில் இருந்த பொருள் ஏழைக்கும் கிடைத்தது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இருந்தும் நமக்கு வேண்டிய மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதி இன்னமும் இறக்குமதிதான். பொறியியல் கல்லூரிகளும் அரசு மருத்துவமனைகளும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன. பொறியியல் மாணவர்களுக்குச் சில மாதங்களாவது வார்டில் பயிற்சி தர வேண்டும். நர்ஸுகள் தினமும் எதோடு மல்லாடுகிறார்கள் என்பதை அவர்கள் நேரில் பார்க்கட்டும்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்தக் கருவி இல்லாமல் அவதிப்படுகிறார்கள்? மருத்துவர்களே, நர்ஸுகளே, எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களைப் பொறியியல் மாணவர்கள் படிக்கும்படி வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்