பதினெட்டாயிரம் ரூபாய் ஆங்கிலம்

அயல்நாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசு பணம் தருகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தகுதியுள்ள தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள் என்று மூத்த தோழர்கள் அனுப்பி வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அறிவிப்பைக் கடைசி வரி வரை படிப்பவர்கள் குறைவு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். வயது 35ஐத் தாண்டக் கூடாது. குடும்ப வருமானம் 8 இலட்சத்தைத் தாண்டக் கூடாது. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் ஒரு பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

அந்த 'நிபந்தனையற்ற' என்ற சொல்லில்தான் நம் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் முதலில் அனுப்புவது நிபந்தனையோடு கூடிய கடிதம். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு ஒன்றில் கேட்ட மதிப்பெண்ணைக் காட்டினால்தான் நிபந்தனை நீங்கும். பட்டப்படிப்பு ஆங்கிலவழியில் நடந்தது என்று கல்லூரி தரும் சான்றைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, பல ஏற்பதில்லை. ஆக, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன்பே தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஒரு முறை எழுத இன்றைக்குப் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் ஆகிறது. அரை மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுத வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். வாங்கிய மதிப்பெண்ணும் இரண்டே ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அரசு தரும் இலட்சங்கள் தேர்வுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. இந்தப் பக்கம் இருப்பது பதினெட்டாயிரம் ரூபாய். அதைப் புரட்ட வேண்டியவர் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா.

நான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களின் பட்டதாரிகளோடு உட்கார்ந்து இந்தத் தேர்வுக்குப் படித்துவருகிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைவிட இதுதான் சரி, ஏனென்றால் எனக்கும் இந்த ஆங்கிலம் வீட்டில் கிடைத்ததல்ல. வருகிறவர்களில் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் உண்டு, சித்தாள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் உண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் அறை துடைக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் உண்டு. எல்லோரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்.

தேர்வு நான்கு பகுதி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். வாசித்தலில் நம் பிள்ளைகள் மோசமில்லை. ஒரு மணி நேரம், மூன்று நீண்ட பகுதிகள், நாற்பது கேள்விகள். நேரத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகினால் ஆறு மாதத்தில் தேறிவிடுகிறார்கள். எழுதுதலில் 250 சொல்லில் ஒரு கட்டுரை கேட்பார்கள். கல்லூரியில் உரைநூலை மனப்பாடம் செய்து பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியவருக்கு, ஒரு கருத்தைத் தானே நிறுவி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. அது ஆங்கிலத்தின் கோளாறு அல்ல. அவரிடம் அதுவரை யாரும் கருத்துக் கேட்டதே இல்லை.

கேட்டல்தான் கொடுமை. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறை ஓடும். ஆஸ்திரேலியர் ஒருவர் வாடகை வீடு பற்றித் தொலைபேசியில் பேசுவார். அஞ்சல் குறியீட்டை, தெருப்பெயரின் எழுத்துகளைக் கடகடவென்று சொல்வார். நகரத்துத் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்தக் காது ஓடிடி பார்த்தே வாய்த்துவிடும். நம் பிள்ளைக்கு அது தனியாகக் கற்க வேண்டிய பாடம். பழைய வினாத்தாள் புத்தகங்களின் நகலை வைத்துக்கொண்டு, முதலில் எழுத்துவடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது, பிறகு பார்க்காமல் கேட்டு வாக்கியம் வாக்கியமாக எழுதிப்பார்ப்பது என்று செய்கிறோம். சலிப்பான வேலை. நான் பார்த்தவரை பலன் தருவது இதுதான்.

மாமல்லபுரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கடற்கரைக் கோயில் வாசலில் பாசிமணி விற்கும் பையன், மாவுக்கல் சிற்பம் விற்கும் பையன் ஆகியோரின் ஆங்கிலம் எங்கள் வகுப்பில் இருக்கும் முதுகலைப் பட்டதாரிகளின் ஆங்கிலத்தைவிடச் சரளமாக இருக்கும். பிரெஞ்சிலும் நாலு வார்த்தை பேசுவான். ஆனால் அவனுக்கு எழுத வராது. பட்டதாரிக்கு எழுத்து ஓரளவு வரும், வாய் திறக்காது. பதினைந்து ஆண்டு வகுப்பறையில் ஆங்கிலம் படித்தவருக்குக் கிடைக்காத பேச்சு, பள்ளியைப் பாதியில் விட்டவனுக்குச் சந்தையில் கிடைத்திருக்கிறது. தப்பாகப் பேசினால் சிரிக்க அங்கே யாரும் இல்லை, பொருள் விற்றால் போதும். வகுப்பறையில் சிரிப்பார்கள். யாரைப் பார்த்து அதிகம் சிரிப்பார்கள் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேசுதல் பகுதிக்கு வருகிறேன். பதினோரு முதல் பதினான்கு நிமிட நேர்காணல். உங்கள் சொந்த ஊர் எது, வீடு எப்படி, அக்கம்பக்கத்தார் எப்படி என்பவை வழக்கமாக வரும் கேள்விகள். சாதாரணக் கேள்விகள் என்று தேர்வு நடத்துபவர் நினைப்பார். ஆனால் நம்மில் ஒருவரிடம் 'உன் ஊர் எப்படி' என்று கேட்டால் உடனே அடுத்த கேள்வி எழும்: ஊரா, காலனியா? ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் ஒரே சொல். பயிற்சி மையக் குறிப்புகள் இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தீர்த்துவைத்திருக்கின்றன: 'எனது ஊர் சிற்பக்கலைக்குப் புகழ்பெற்றது, அழகிய கடற்கரை உண்டு, மக்கள் விருந்தோம்பல் மிக்கவர்கள்.' எங்கள் வகுப்புக்கு முதலில் வந்த பெண்களில் ஒருவர் இதையே ஒப்பித்தார். 2021இல் இதே மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவர் பெண் ஒருவர் விரட்டப்பட்ட செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அது நடந்த ஊரைப் பற்றித்தான் விருந்தோம்பல் என்று ஒப்பிக்கச் சொல்கிறது குறிப்பு.

அறம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் கணக்கிலேயே அந்த விடை தோற்றுவிடும். குறிப்பட்டையைக் கையில் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தந்து, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். கடன் வாங்கிய விருந்தோம்பல் நாற்பது நொடியில் தீர்ந்துவிடும். அதே பெண்ணிடம் உன் தெருவைப் பற்றிப் பேசு என்றோம். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போவதை, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் கட்டப்பட்டது என்பதை, பாட்டி நட்ட முருங்கையை அவர் சொன்னார். இலக்கணம் உடைந்தது, பேச்சு நிற்கவில்லை. உடைந்ததைச் சரிசெய்ய முடியும். பேச்சே இல்லாததை ஒன்றும் செய்ய முடியாது. தேர்வு எழுதப்போகும் தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்.

2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இதே மாமல்லபுரத்தில் சந்தித்தபோது பல்லவர் காலத்துச் சீன உறவு பற்றி ஏகப்பட்ட பேச்சு. பழம்பெருமையை விட்டுவிட்டு இன்றைய சீனத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஆங்கிலத் தேர்வை எப்படி எழுதுகிறார் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். 1987இல் அங்கே கல்லூரி ஆங்கிலத் தேர்வு தொடங்கியது. நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று இரண்டு. ஆண்டுக்கு இரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், பெரும்பாலும் மாணவர் தம் வளாகத்திலேயே எழுதுகிறார். கட்டணம் சில பத்து யுவான்கள். மொத்தம் 710 மதிப்பெண்ணில் 425 எடுத்தால் தேறியதாகக் கொள்கிறார்கள். சீன மொழியில் ஒரு பத்தியைக் கொடுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்லும் கேள்வியும் உண்டு. அதாவது மாணவரின் தாய்மொழி அறிவுக்கும் அந்தத் தேர்வில் மதிப்பு உண்டு. நம் பிள்ளை எழுதும் தேர்வில் அவர் தமிழுக்கு விலை பூச்சியம்.

சீனம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. படிக்கத் தெரிந்து பேசத் தெரியாத நிலையை அங்கே 'ஊமை ஆங்கிலம்' என்றே அழைக்கிறார்கள். நாட்டுப்புறப் பள்ளியிலிருந்து வருபவர் பெருநகரப் பிள்ளையோடு போட்டியிட முடியாமல் திணறுவது அங்கும் உண்டு. பட்டம் பெறவே இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் வைத்திருந்த விதி எதிர்ப்புக்கு உள்ளாகி, 2023இல் சியான் ஜியாவோடோங் பல்கலைக்கழகம் அதைக் கைவிட்டது. ஆனாலும் அது பொதுத்தேர்வு. கேள்வி கேட்கவும் விதியை மாற்றவும் ஓர் அரசு அங்கே பொறுப்பில் இருக்கிறது. இங்கே? பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் தான் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தொழிலை 2021இல் 13 கோடி பவுண்டுக்கு ஐடிபி என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு விற்றது. நம் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணம் ஒரு வணிகச் சொத்தாகக் கைமாறியபோது யாரும் வாய் திறக்கவில்லை.

தேர்வு ஓர் அரசியல் என்பதை நமக்கு முன்பே சொன்னவர் இந்தச் செங்கல்பட்டு மண்ணில்தான் பிறந்தார். மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். ஐசிஎஸ் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 3,412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவை அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். தேர்வு இங்கே வந்தால் அதில் நுழையப்போவது யார், அதிகாரியாகி நம்மீது உட்காரப்போவது யார் என்பதே அவர் கேள்வி. தேசத்துரோகி என்று ஏசினார்கள். இன்று நாம் தேர்வைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்கிறோம், கோரிக்கை நேர் எதிராகத் தெரியலாம். கேள்வி அவர் கேட்டதேதான்.

தமிழ் இருக்க ஆங்கில மோகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வெளிநாட்டுக்குப் போவது போராட்டத்திலிருந்து ஓடுவது என்று சொல்லும் நம் தோழர்களுக்கு மட்டும் ஒன்று: பரோடா அரசின் உதவித்தொகையில் 1913இல் அண்ணல் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் நாம் எதைப் படித்துக்கொண்டிருப்போம்?

தேர்வைக் கடந்தவர்களுக்கும் வழி நேராக இல்லை. 2022இல் ஒன்றிய அரசு தன் திட்ட விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் தொடர்பான ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் திரண்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இதை ஆராய விரும்பும் காரணை மாணவர் ஒருவர் 125 பேரில் ஒருவராக முடியாது. 2025-26க்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் ஆணை கொடுத்து, மற்றவர்களை நிதி வந்தால் பார்க்கலாம் என்று காக்கவைத்த கதையும் நடந்தது.

தமிழ்நாடு அரசு ஒப்பீட்டளவில் மேல். அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. தாட்கோ இந்த ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பயிற்சியும் அறிவித்திருக்கிறது. ஆனால் சில வாரப் பயிற்சி, காது பழகாத பிள்ளைக்கு எதற்கும் போதாது. குறைந்தது ஓராண்டு வேண்டும், அரசுக் கலைக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், சென்னைக்கு அலையவிடாமல் செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் நடக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலையில் அறைகள் சும்மாதான் இருக்கின்றன. ஒலிபெருக்கி ஒன்று, காதொலிக் கருவிகள் இருபது, மாதச் சம்பளத்தில் ஒரு ஆசிரியர். இதற்கு மேல் பெரிய செலவில்லை. தேர்வுக் கட்டணத்தை, இரண்டாம் முறைக்கும் சேர்த்து, மாணவர் கையில் கேட்காமல் அரசே நேரடியாகக் கட்ட வேண்டும். பிறகு திருப்பித் தருகிறோம் என்பது ஆகாது. முன்பணம் புரட்ட முடியாதவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒன்பது பேர். மூவருக்குச் சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது, மூன்றும் நிபந்தனையோடு. இந்தக் கோரிக்கைகளை அவர்களே தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு மனுவாக எழுதியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுக்கிறோம். அந்தப் பகுதித் தோழர்கள் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.