முதல் கல் கர்ணனோடது இல்ல

'கர்ணன்' (2021) படத்துல தனுஷ் பஸ்ஸை அடிச்சு நொறுக்குற சீனுக்கு விசில் அடிச்சீங்கதானே? நானும்தான். மறுநாள் வரைக்கும் தொண்டை கட்டியிருந்துச்சு.

ஆனா மக்களே, அந்த சீனை இன்னொரு தடவை பாருங்க. பொடியங்குளத்தில் பஸ் நிற்காது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ரோட்டோரம் காத்து நிற்கிறாள். அவளையும் தாண்டிப் போகிறது. பொறுக்க முடியாமல் முதல் கல்லை எறிவது கூட நின்ற சின்னப் பையன். கர்ணன் அதுக்கப்புறம்தான் இறங்குறான். மாரி செல்வராஜ் அந்த வரிசையை மாற்றி, ஹீரோவையே முதலில் எறிய விட்டிருந்தால் அது இன்னொரு மாஸ் சீன், அவ்ளோதான். இத்தனைக்கும் ஊர் கேட்டது ஒரு பஸ் ஸ்டாப்.

நம்ம காலேஜ் ஸ்டாப்பிலும் சாயங்கால டவுன் பஸ் நிற்பதில்லை. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் மனு எழுதி, ஹாஸ்டலில் ரூம் ரூமாக வந்து கையெழுத்து கேட்டான். விசில் அடிச்ச நான் என்ன பண்ணேன்? "பிளேஸ்மென்ட் டைம்ல எதுக்குடா வம்பு"ன்னு கதவைச் சாத்திட்டேன். ("பஸ்ஸை உடைக்கிறது தப்பு, மனு கொடுக்கணும்"னு கிளாஸ் எடுக்குற ஆளுங்களும் போடலையாம்!)

போன வாரம் பார்த்தேன், அந்தப் பேப்பர்ல ஏழு கையெழுத்து. எட்டாவது என்னோடது, மூணு வாரம் லேட்டா. பேப்பர் இப்போ மெஸ் வாசல்ல இருக்கு. பேனாவையும் நூல்ல கட்டி வச்சிருக்கான்.