நிழல் நகரும், சங்கிலி நகராது

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. வழக்கமாக இந்த நாட்களில் தென்னைக்கு மூடாக்கு, கோடை உழவு, மண் மாதிரி எடுப்பது பற்றித்தான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, நாயைப் பற்றியவை. வயலுக்கும் களத்துக்கும் இரவு பகலாகக் காவல் நிற்கும் ஜீவன் என்பதால் மூன்றுக்கும் இந்த இதழிலேயே பதில் சொல்கிறேன். மருத்துவம் சார்ந்தவற்றைக் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நிலக்கடலை காயப்போட்ட களத்தில் காவலுக்கு நாயைக் கட்டியிருந்தோம். மதியம் பார்த்தபோது மூச்சிரைத்து விழுந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றியதும் எழுந்து நின்றது. பிழைத்துவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் ரத்தமாகக் கழிந்து, மாலையில் இறந்துவிட்டது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்கிறார் என் கணவர். பக்கத்துக் காட்டுக்காரரோடு இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. இன்னொரு நாய் இருக்கிறது. அதை எப்படிக் காப்பாற்றுவது?
*(வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)*

பதில்: சகோதரி, உடலைப் பரிசோதிக்காமல் விஷம் இல்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் வெப்பத் தாக்குதலுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆதாரம் இல்லாமல் பக்கத்துக் காட்டுக்காரர் மேல் பழி போட வேண்டாம்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு வியர்வை பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வரும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ள வேண்டும். காற்றே சூடாக இருந்தால் அதுவும் பலிக்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-ஐத் தொட்டால் குடல், சிறுநீரகம், ஈரல் எல்லாம் உள்ளே வெந்ததுபோல் கெட ஆரம்பிக்கும். ரத்தம் உறையும் தன்மையும் கெட்டுப்போகும். அதனால்தான் எழுந்து நின்ற நாய்கூட ஓரிரு நாளில் ரத்தமாகக் கழிந்து இறந்துபோகிறது. வெயிலில் விழுந்த நாய் எழுந்து நடந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இனி இருக்கிற நாய்க்கு வருவோம். அவிழ்த்துவிட்ட நாய் வெயிலில் சாவது குறைவு. வாய்க்கால் ஓரத்திலோ, வண்டிக்கு அடியிலோ, வாழைத் தோப்பிலோ தானே போய்ப் படுத்துக்கொள்ளும். கட்டிப்போட்ட நாய்தான் மாட்டிக்கொள்கிறது. காலை எட்டு மணிக்கு மேற்குச் சுவர் ஓரம் நல்ல நிழல் இருக்கும். அங்கே கட்டிவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுவோம். பகல் ஏற ஏற அந்த நிழல் சுருங்கி, பிற்பகலில் அதே இடத்தில் முழு வெயில் விழும். சித்திரை மாதத்தில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நண்பகலில் எந்தச் சுவருக்குமே நிழல் இருக்காது. நிழல் நகரும், சங்கிலி நகராது. ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

- சுவர் நிழலை நம்பாமல் வேம்பு, புங்கன், புளி போன்ற அடர்ந்த மரத்தடியில் கட்டுங்கள். தென்னை நிழல் போதாது. பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் ஒருமுறை அந்த இடத்தை நீங்களே போய்ப் பாருங்கள்.
- மரம் இல்லையென்றால் நான்கு கழி நட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, நாலு பக்கமும் திறந்த பந்தல் போடுங்கள். தகரக் கூண்டும் கதவடைத்த மோட்டார் ரூமும் அடுப்புக்குச் சமம்.
- சங்கிலி குறைந்தது பத்தடியாவது இருக்கட்டும். மரத்தைச் சுற்றிச் சிக்காதபடி சுழலும் கொக்கி போடுங்கள். தண்ணீரும் நிழலும் எப்போதும் அதற்கு எட்ட வேண்டும். நாயை அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் கட்டுவதும், தண்ணீரும் ஒதுங்க இடமும் தராமல் வைப்பதும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.
- 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் தேவை. கோடையில் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அலுமினியத் தட்டு சீக்கிரம் சூடேறி, கவிழ்ந்தும் போகும். கனமான மண்சட்டியைப் பாதி மண்ணில் புதைத்து வையுங்கள். இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது.
- சோற்றை விடியற்காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். மதியம் வரை கிடந்து புளித்த சோற்றை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.
- சிமென்ட் களத்திலும் தார்ச்சாலையிலும் நடத்துமுன் உங்கள் புறங்கையை ஏழு எண்ணும் வரை தரையில் வையுங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

பொமரேனியன் போன்ற சடை நாய்களுக்கு முடியை ஒட்ட மழிக்க வேண்டாம். தோலில் நேரடியாக வெயில் படும். சிக்கு எடுத்து, உதிர்ந்த முடியைச் சீவிவிட்டால் போதும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்க இயலாதவை. அவற்றைப் பகலில் வெளியே கட்டவே கூடாது. வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்க்கு மூக்கு நுனியும் காதும் வெயிலில் வெந்து புண்ணாகும். நாட்டு இனம்தானே, எல்லாம் தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை நாய் விழுந்துவிட்டால்: விடாமல் மூச்சிரைப்பது, ஈறு செக்கச் சிவப்பாவது, கொழகொழவென்று எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை அடையாளம். உடனே நிழலுக்குத் தூக்கிவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். வயிறு, அக்குள், தொடை இடுக்கில் நன்றாகப் படட்டும். விசிறிக்கொண்டே இருங்கள். வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வருவது வெந்நீர். அதைத் தரையில் ஓடவிட்டு, பிறகு வரும் தண்ணீரைப் பிடியுங்கள். மாடித் தொட்டித் தண்ணீரைவிடக் கிணற்றுத் தண்ணீர் மேல். ஐஸ் தேடி ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். நமக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது, நாய்க்கு அது நஞ்சும்கூட. மூச்சு சீரானதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: வெயில் காலத்தில் நாய்க்கு வெறி பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் தெருவில் எச்சில் ஒழுக நின்ற ஒரு நாயை அடித்தே கொன்றுவிட்டார்கள்.
*(வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்)*

பதில்: வெயிலால் வெறி பிடிப்பதில்லை. வெறிநோய் ஒரு வைரஸ். நோயுள்ள விலங்கு கடிப்பதால் வருவது. வெயிலில் வாடிய நாய்க்கும் எச்சில் ஒழுகும், தள்ளாடும். அன்றைக்கு வெயிலில் கிடந்த நாய், கடுமையாக மூச்சிரைக்கிறது, நீர் பட்டதும் தெளிகிறது என்றால் அது பெரும்பாலும் வெப்பத் தாக்குதல். குணம் மாறி, கண்டதைக் கடித்து, குரல் மாறி, விழுங்க முடியாமல் தாடை தொங்கினால் வெறிநோயைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது நம் வேலை அல்ல. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயாக இருந்தால் கிட்டே போகாமல், பிள்ளைகளையும் போகவிடாமல், தூரத்திலிருந்தே பைப்பால் தண்ணீர் பீய்ச்சுங்கள். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அடிக்கப் போகிறவர்தான் முதலில் கடிபடுவார். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. உங்கள் நாய்க்கு மூன்று மாதக் குட்டியிலேயே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடருங்கள்.

கேள்வி: கோடையில் நாய்க்கு உண்ணி அதிகமாகிவிட்டது. கத்தரிக்கு அடித்த பூச்சி மருந்தில் கொஞ்சம் கலந்து தேய்க்கலாமா?
*(வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)*

பதில்: கூடவே கூடாது. பயிர் மருந்து தோல் வழியாக உள்ளே போகும். நாய் உடம்பை நக்குவதால் வாய் வழியாகவும் போகும். எச்சில் கொட்டுவது, உடம்பு நடுங்குவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, கழிச்சல் எல்லாம் வந்து சில மணி நேரத்தில் இறந்துவிடலாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் நீங்களாக அளவு போட்டுத் தேய்க்காதீர்கள். நாய்க்கென்று உள்ள மருந்தை அதன் எடைக்கேற்ப மருத்துவர் தருவார். உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. சுவர் விரிசலிலும் படுக்கும் சாக்கிலும் முட்டையிடும். சாக்கை மாற்றுங்கள், விரிசலைப் பூசுங்கள். நாய் சோர்ந்து, சோறு எடுக்காமல், ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இதனோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். தாகமெடுத்த நாய் எந்தத் தண்ணீரையும் குடிக்கும். மருந்து கலந்த வாளி, தெளிப்பான் கழுவிய குழி, சொட்டுநீரில் விட யூரியா கரைத்த டிரம் எல்லாமே அதற்குத் தண்ணீர்தான். கலந்ததை மூடி வையுங்கள். கழுவிய நீரை வாய்க்காலில் விடாதீர்கள். அப்படிக் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், மருத்துவரிடம் போகும்போது மருந்து பாட்டிலையும் லேபிளோடு கையில் எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அவர் முறிவு மருந்து கொடுக்க முடியும்.

கடிதம் எழுதிய திருவண்ணாமலை சகோதரிக்கு: நாளைக் காலை நாயைக் கட்டுமுன், பிற்பகல் 2 மணிக்கு அந்த இடத்தில் வெயில் எங்கே விழும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் களத்திலும் ஒரு நாய் கட்டியிருக்கக்கூடும்.

அடுத்த இதழில் கோடை உழவும் ஆடிப்பட்ட விதைத் தேர்வும். கேள்விகளை, பயிர், பரப்பு, பாசன வசதி ஆகிய விவரங்களோடு எழுதி அனுப்புங்கள்.