துக்க வீட்டில் தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கு உண்டா?



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலையை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நாகப்பட்டினக் கடற்கரையில் மீனவக் குடும்பங்கள் மாண்டன. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த கிறிஸ்தவ யாத்திரிகர்கள் மாண்டனர். இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களில் நம் சகோதர முஸ்லிம்கள் பெருந்தொகையாக ஜனாஸாக்களாயினர். நீர் வடிந்த சில நாட்களுக்குள், ஏறத்தாழ எல்லாச் சமயத்தாரிடையேயும் ஒரே பேச்சு எழுந்தது: "செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது."

அப்பேச்சு இன்றும் ஓயவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதுபடவும், குறைபாட்டுடன் பிறந்த குழந்தையின் பெற்றோர் முன்னிலையிலும், கடும் நோயுற்றவரின் கட்டிலருகிலும் அது ஒலிக்கிறது. சொல்பவர் தீய எண்ணத்துடன் சொல்வதில்லை. மார்க்கத்தைப் பேசுவதாகவே எண்ணுகிறார். அது மெய்யாகவே மார்க்கத்தின் சொல்தானா என்று ஆராய்வது நம் கடமை.

துன்பம் ஏன் என்ற கேள்வி மனித இனத்தைப் போலவே பழையது. ஒவ்வொரு மரபும் தன் வழியில் அதற்கு விடை தேடியிருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் தோன்றிய மானி என்பார், ஒளியும் இருளும் தொடக்கம் முதலே பகைத்து நிற்கும் இரு சக்திகள் என்றார். தீமைக்குத் தனி மூலம் ஒன்றைக் காட்டிவிட்டால் இறைவன் மீது பழி விழாது. ஆனால் இறைவனின் ஏகத்துவமும் வல்லமையும் அங்கே குறைந்துபோகின்றன. இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அம்மார்க்கத்தைப் பின்பற்றிய அகஸ்டின், பிற்காலத்தில் கிறிஸ்தவராகி அதை மறுத்தார். தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைபாடே என்பது அவர் கருத்து. ஆதம் செய்த பாவம் மனித குலம் முழுவதையும் தொடர்கிறது என்றும், இறையருளாலன்றி அதிலிருந்து மீட்சி இல்லை என்றும் அவர் வலியுறுத்தினார்.

நம் மண்ணின் மரபுகள் வேறு திசையில் சென்றன. சமணம் வினையை உயிரில் ஒட்டும் நுண்பொருளாகக் கண்டது. தவத்தாலும் ஒழுக்கத்தாலும் அதை உதிர்த்துவிட்டால் வீடுபேறு. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள் உயிரைப் பிணித்திருப்பதாகவும், இறைவன் அருளால் அப்பிணிப்பு அகல்வதே முத்தி என்றும் கூறுகிறது. பௌத்தம், துக்கத்தின் வேர் வேட்கை என்றும், வேட்கை அவிந்தால் துக்கமும் அவியும் என்றும் போதித்தது. இறந்த குழந்தையைச் சுமந்துகொண்டு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியின் கதை பௌத்த மரபில் புகழ்பெற்றது. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரும்படி புத்தர் அவளை அனுப்பினார். முற்பிறப்பையும் வினையையும் நம்பும் மரபிலும், அந்தத் தாயிடம் முதலில் சொல்லப்பட்டது அவளுடைய வினைக் கணக்கு அன்று என்பது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பாவிலும் இவ்விவாதம் ஒரு பேரழிவால் கிளர்ந்தது. ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிஸ், இருக்கக்கூடிய உலகங்களுள் சிறந்த உலகம் இதுவே என்று 1710இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 1755 நவம்பர் 1 அன்று, கிறிஸ்தவர்களின் புனிதர் திருநாளில், ஆலயங்கள் நிரம்பியிருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தகர்த்தது. பின்னர் கடலும் தீயும் எஞ்சியதை அழித்தன. மொராக்கோவிலும் நம் சமூகத்தார் அதே அதிர்வுகளில் மடிந்தனர். மலாகிரிடா என்ற பாதிரியார், நகரத்தாரின் பாவமே இதற்குக் காரணம் என்று பிரசாரம் செய்தார். லைப்னிஸின் கருத்தை வால்டேர் கடுமையாக எள்ளினார். ரூசோவோ, அவ்விடத்தில் பல அடுக்கு வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதனே என்று 1756இல் வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார். துன்பத்தில் மனிதனின் பங்கு எது என்று கேட்கும் அப்பார்வையை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இஸ்லாமிய அறிஞர்களும் இக்கேள்வியைக் கண்டு ஒதுங்கியவர்கள் அல்லர். அல்லாஹ் நீதியாளன், எனவே அடியார்க்கு மிகவும் நலம் பயப்பதையே அவன் செய்தாக வேண்டும் என்று பஸராவின் முஃதஸிலாக்கள் கூறினர். அவர்களிடம் பயின்ற இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ, தம் ஆசிரியர் ஜுப்பாயீயிடம் மூன்று சகோதரர்களைப் பற்றிக் கேட்டதாக மரபு கூறுகிறது. ஒருவன் இறைநம்பிக்கையாளனாக இறந்தான். மற்றொருவன் மறுப்பாளனாக இறந்தான். மூன்றாமவன் சிறு குழந்தையாகவே இறந்தான். குழந்தை வளர்ந்திருந்தால் பாவியாகியிருக்கும் என்பதால் முன்னரே அழைத்துக்கொள்ளப்பட்டது என்றால், மறுப்பாளனை ஏன் குழந்தையிலேயே அழைத்துக்கொள்ளவில்லை? ஆசிரியரிடம் விடை இல்லை. படைத்தவனின் செயலை நம் அளவுகோலால் அளந்து முடிக்க இயலாது என்பதே அஷ்அரீ கண்ட பாடம். கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, உள்ளதைவிடச் சிறந்த உலகம் சாத்தியமில்லை என்று எழுதியபோது, அதைப் பற்றியும் நம் உலமாக்கள் நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். ஆகவே, இக்கேள்வியைக் கேட்பது ஈமானின் குறைவு அன்று.

மீட்சியைப் பற்றி நம் மார்க்கம் தரும் விடை தெளிவானது. ஆதம் (அலை) தவறினார், தவ்பா செய்தார், மன்னிக்கப்பட்டார். அவருடைய தவறு எந்தக் குழந்தையின் தலையிலும் ஏறுவதில்லை. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் வகுத்த நெறி. ஆயினும் நம் அமல்கள் மட்டுமே சுவனத்தை ஈட்டித் தந்துவிடா. அல்லாஹ்வின் கருணையும் வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள், தம்மையும் சேர்த்தே, அறிவித்துள்ளார்கள். முயற்சியும் அருளும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். மனிதருக்கு நேரும் துன்பம் அவர்கள் கைகள் தேடிக்கொண்டதன் விளைவு என்று குர்ஆன் கூறவில்லையா என்று சிலர் கேட்கலாம். கூறுகிறது, அவற்றுள் பலவற்றை அல்லாஹ் மன்னித்தும் விடுகிறான் என்று உடனே சேர்த்தும் கூறுகிறது. உஹதுப் போரின் பின்னடைவு உங்களால் நேர்ந்தது என்று நம்பிக்கையாளர்களிடம் சொல்லவும் செய்கிறது. ஆனால் அச்சத்தாலும் பசியாலும் இழப்புகளாலும் சோதிப்போம் என்பதும் அதே வேதத்தின் செய்திதான். ஒரு குறிப்பிட்ட துன்பம் இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்று வஹீ வராத நாம் எவ்வாறு அறிவோம்? துன்பம் தனக்கு வரும்போது தன்னைத் திருத்திக்கொள்ள அவ்வசனம் கண்ணாடி. அதைப் பிறர் மீது எறியும் கல்லாக்குவது முறையன்று.

நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்வோம். யூத, கிறிஸ்தவ வேதத்தில் அவருடைய நண்பர்கள், நீ பாவம் செய்திருக்கவே வேண்டும் என்று அவரிடம் வாதிடுகிறார்கள். இறுதியில் இறைவன் கோபம் கொள்வது அந்நண்பர்கள் மீதே. குர்ஆனில் அய்யூப் (அலை) பொறுமையின் இலக்கணமாகப் புகழப்படுகிறார். அவருடைய பிணிக்கு எந்தப் பாவமும் காரணமாகக் கூறப்படவில்லை.

நம் நபி (ஸல்) அவர்கள் தம் மைந்தர் இப்ராஹீமைப் பறிகொடுத்தபோது கண்ணீர் விட்டார்கள். வியந்து கேட்ட தோழருக்கு, அது இரக்கம் என்று விடையளித்தார்கள். அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இப்ராஹீம் மறைந்ததாலேயே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அப்பேச்சைத் தடுத்தார்கள். தம் வீட்டுத் துக்கத்துக்கு வானமே சாட்சி என்று மக்கள் போற்றியபோதும் அவர்கள் அதை ஏற்கவில்லை. அப்படியிருக்க, பிறர் வீட்டுத் துக்கத்துக்குக் காரணம் கற்பிக்க நாம் யார்?

மேலும், நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாடுகளில் சிக்கி இறந்தவரையும், கொள்ளைநோயில் இறந்தவரையும் ஷஹீத்களாக எண்ணும்படி நபியவர்கள் கற்பித்தார்கள். அவர்கள் அந்தஸ்து அளித்த இடத்தில் நாம் குற்றப்பத்திரிகை வாசிக்கலாமா?

விதியை நம்புவது கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் அன்று. ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எல்லையிலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீரா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். 2004இல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், வீடிழந்து வந்த மீனவ மக்களுக்குத் தங்க இடமும் உணவும் அளித்தபோது, எவர் பாவத்துக்கு எவர் தண்டனை என்று கணக்குப் பார்க்கவில்லை. அவர்கள் ஏற்றிய அடுப்பே நம் மார்க்கத்தின் விடை என்பது எம் கருத்து.

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே! அடுத்த முறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது விளக்கங்களை வாசலிலேயே விட்டுவிடுவோம். ஸலாம் சொல்லி, அருகில் அமர்ந்து, அழுபவரை அழவிட்டு, மய்யித்துக்காக துஆச் செய்து எழுவோம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது அக்குடும்பத்துக்கு உணவு சமைக்கும்படி நபி (ஸல்) ஏவினார்களே, அந்த ஸுன்னத்தை நம் சமையலறைகளில் உயிர்ப்பிப்போம். நம் பிள்ளைகள் "அல்லாஹ் ஏன் இப்படிச் செய்தான்?" என்று கேட்டால் அதட்டாமல் செவிமடுப்போம், அறிந்ததைச் சொல்வோம், அறியாததை "அல்லாஹு அஃலம்" என்று அவனிடமே ஒப்படைப்போம்.

துன்புற்ற எவரையும் நம் நாவால் மேலும் துன்புறுத்தாத நற்பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.