மலிவு விளக்கும் உப்புக் காற்றும்

புங்குடுதீவு இறுப்பிட்டியில் கடை வைத்திருப்பவருக்கு உப்புக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆணி, பூட்டு, கூரைத் தகடு எல்லாம் கறள் பிடிப்பதை அவர் தினமும் பார்க்கிறார். ஆனால் எல்.ஈ.டி. விளக்கு வாங்கும்போது மட்டும் விலையைத் தவிர வேறொன்றையும் நாம் கேட்பதில்லை.

பெட்டியில் "50,000 மணித்தியாலம்" என்றிருக்கும். இரவுக்கு 12 மணித்தியாலம் எரித்தால் 11 வருடத்துக்கு மேல் வரவேண்டும். பெரும்பாலும் இது வெளிச்சம் 70 வீதமாகக் குறைவதற்கு எடுக்கும் காலக் கணக்கு. விளக்கு முற்றாக அணைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. உள்ளே மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் டிரைவர் வெப்பத்தில் பழுதாகும். இறப்பர் வளையம் வெடித்து ஈரம் புகும். அலுமினியக் கூட்டில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டிருந்தால் உப்பு ஈரம் இரண்டையும் அரிக்கும்.

"ஐ.பி. 65 இருக்கிறது, பயமில்லை" என்பார்கள். அதில் 6 தூசு புகாது என்பதையும், 5 பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் மட்டுமே சொல்கிறது. உப்பு அரிப்பைப் பற்றி அந்த இலக்கம் எதுவும் சொல்லாது. அதற்கு உப்புத் தெளிப்புப் பரிசோதனை வேறாக உண்டு. ஆகவே வாங்குபவர் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும்: உப்புப் பரிசோதனை செய்யப்பட்டதா? திருகாணி 316 ரக எவர்சில்வரா? மின்னல், மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் பாதுகாப்பு உண்டா? டிரைவரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா?

ஓர் உதாரணக் கணக்கு. 5,000 ரூபா விளக்கை ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒன்பது வருடத்தில் ஆறு விளக்கு, 30,000 ரூபா. ஏணி, ஆள்கூலி, படகுக்கூலி வேறு. 15,000 ரூபா விளக்கு ஒன்பது வருடம் நின்றால் எது மலிவு? இறங்குதுறைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் விளக்குப் பூட்டும் பொது நிறுவனங்களும் கேள்விப்பத்திரத்தில் வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். குறிகட்டுவானில் படகிலிருந்து கால் வைக்கும் முதியவருக்கு அணைந்த விளக்கு வெறும் செலவுப் பிரச்சினையல்ல.

நெடுந்தீவும் நயினாதீவும் நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அனலைதீவையும் சேர்த்து மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின் திட்டத்துக்கு, இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இவ்வளவு செலவில் வரும் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க எல்.ஈ.டி.யே சிறந்தது, ஆனால் அது நின்று எரிய வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு வராந்தாவுக்கான விளக்கைக் கடற்கரைக்கு என்று விற்பது வியாபாரத் திறமையல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. சட்டத்தை விடுங்கள், தீவில் ஒரு விளக்கு பழுதானால் விற்ற கடையின் பெயர் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். "இது உள்ளறைக்குத்தான் சரி" என்று சொல்லி ஒரு விற்பனையை இழப்பவரிடமே அடுத்தமுறையும் ஆள் வரும்.