வழுக்கையின் முடிச்சு

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக்கூடாது என்பது பழமொழி. அப்படியானால் வழுக்கைத் தலைக்கு எதனோடுதான் முடிச்சு? எண்ணெயோடா, தண்ணீரோடா, அதிக யோசனையோடா?

பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பண்டைக் கிரேக்க வைத்தியர்களே கவனித்திருந்தார்கள். அதற்குக் காரணத்தைத் துலக்கியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்று நிபுணர். அத்தகையவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் செலுத்தினால், வழுக்கை வம்சத்தில் பிறந்தவர்களுக்கு முடி உதிர்ந்ததை 1942-ல் அவர் வெளியிட்டார். ஆகவே, ஹார்மோனும் பரம்பரையும் கூடினால்தான் வழுக்கை.

இப்பொழுது சிலர், மயிரிலுள்ள ஹார்மோனை அளந்து, வழுக்கை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லலாமே என்கிறார்கள். யோசனை அசட்டு யோசனையன்று. தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது உடம்பிலுள்ள ஹார்மோன் சிறிதளவு அதில் படிந்து விடுகிறது. இரத்தம் அன்றைய நிலைமையைச் சொல்லும். 3 சென்டிமீட்டர் மயிரோ மூன்று மாதக் கணக்கைச் சொல்லும்.

ஆனால் கணக்குப் புத்தகம் கிடைத்துவிட்டால் போதுமா? உச்சந்தலைக்கும் பிடரிக்கும் ஓடுவது ஒரே இரத்தந்தான். உச்சி பாலைவனமாகும்போது பிடரி மட்டும் சோலையாக நிற்பானேன்? நார்மன் ஓரன்டிரைக் என்னும் டாக்டர் பிடரி மயிரை வேரோடு எடுத்து உச்சியில் நட்டார். அது அங்கேயும் செழித்து வளர்ந்தது. 1959-ல் இதை அவர் வெளியிட்டார். குற்றம் நிலத்தில் இல்லை, வேரில் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளுக்குச் சில வேர்கள் மிரண்டு சுருங்குகின்றன, சில அசைவதில்லை. வழுக்கையர் பலருடைய இரத்தத்தில் ஹார்மோன் மற்றவர்களுக்கு உள்ள அளவில்தான் இருக்கிறது.

ஆகையால், ஹார்மோன் அளவை மட்டும் பார்த்துச் சோதிடம் சொல்வதாக யாராவது கட்டணம் கேட்டால், நேயர்கள் பணப்பையை இறுக்கிக் கட்டிக்கொள்வது நலம். தாய்வழிப் பாட்டனாரையும் தந்தையாரையும் ஒரு முறை உற்றுப் பார்த்தால் காசில்லாமலே ஓரளவு தெரிந்துவிடும். அந்தப் பொருள் உண்டாவதைத் தடுக்கும் பினாஸ்டிரைடு மாத்திரையை 1997-ல் அமெரிக்க அரசாங்கம் வழுக்கைக்கு அனுமதித்தது. சாப்பிடும் வரையில்தான் அதன் பலன். பக்க விளைவுகளும் உண்டு. டாக்டரைக் கேளாமல் தொடலாகாது.

கண்ணாடி முன் நின்று கலங்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே தலைமயிரோடு போகிறது. தலை பத்திரமாகத்தானே இருக்கிறது!